பள்ளிக்கூடத்திலேயே நூல்நிலையம் வைத்த மன்னர்

1875ஆம் ஆண்டு. கோடைக்காலம்.

பரோடா அரண்மனைக்கு மூன்று சிறுவர்கள் வந்து சேர்ந்தார்கள். நாசிக் ஜில்லாவில் கவ்லானா என்ற சிற்றூர், அவர்களுடைய ஊர். அரச வம்சத்தின் ஒரு கிளையில் பிறந்தவர்கள்தாம். ஆனால் அரச போகம் எதையும் அறியாதவர்கள். வயலும் மாடும் அவர்களுக்குத் தெரியும். சிம்மாசனம் தெரியாது.

அப்போது பரோடாவின் சிம்மாசனம் காலியாக இருந்தது. மல்ஹர்ராவ் என்ற மன்னர் சரியாக ஆட்சி செய்யவில்லை என்று ஆங்கிலேய சர்க்கார் அவரை நீக்கிவிட்டது. அவருக்கு முன்பு ஆண்ட கண்டேராவ் மன்னரின் விதவை ஜம்னாபாய், ஒரு பிள்ளையைத் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்காகத்தான் இந்த மூன்று சிறுவர்களும் அழைத்து வரப்பட்டார்கள்.

மூவரில் ஒருவன் கோபால்ராவ். வயது பன்னிரண்டு. அவனைத்தான் மகாராணி தேர்ந்தெடுத்தாள். மே மாதம் 27ஆம் தேதி தத்து எடுக்கும் சடங்கு நடந்தது. கோபால்ராவ், சயாஜிராவ் ஆனான். ஒரே நாளில் மகாராஜா!

ஆனால் அந்த மகாராஜாவுக்கு ஒரு குறை. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

கும்பகோணத்துத் திவான்

கிரீடம் வந்த பிறகுதான் அரிச்சுவடி வந்தது. சிறுவனுக்குப் பாடம் சொல்ல எலியட் என்ற ஆங்கிலேயர் வந்தார். அரண்மனையிலேயே ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் என்று நான்கு மொழிகள். பிறகு கணக்கு, சரித்திரம், பூகோளம். மற்றப் பிள்ளைகள் ஐந்து வயதில் தொடங்கியதை அவன் பன்னிரண்டு வயதில் தொடங்கினான். காலையிலிருந்து மாலை வரை படிப்பு. மனம் சலித்தாலும் அவன் விடவில்லை.

அந்தச் சிறுவன் பெரியவனாகும் வரையில் பரோடாவின் நிர்வாகத்தைக் கவனித்தவர் யார் தெரியுமா? நம் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ்! திருவிதாங்கூரில் திவானாக இருந்து பெயர் வாங்கியவர் அவர். பிறகு இந்தூரில் பணியாற்றினார். அங்கிருந்து பரோடாவுக்கு வந்தார். இளம் மன்னனுக்கு ஆட்சி முறையைப் பாடம் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாடங்கள் பின்னால் ஒரு நூலாகவும் அச்சாயின.

தமிழ்நாட்டுத் தொடர்பு அதோடு முடியவில்லை. 1880இல் சயாஜிராவுக்குக் கலியாணம் நடந்தது. மணமகள் தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்துப் பெண் லட்சுமிபாய். பரோடாவில் அவருக்குச் சிம்னாபாய் என்று பெயர் வைத்தார்கள். அவரோடு தஞ்சாவூரின் நாட்டியமும் சங்கீதமும் பரோடாவுக்குப் போயின. ஆனால் அந்த வாழ்வு நீடிக்கவில்லை. காசநோய் 1885இல் அவரைக் கொண்டுபோய்விட்டது. மன்னர் பிறகு மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது ராணிக்கும் சிம்னாபாய் என்றே பெயர்.

1881ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சயாஜிராவ் ஆட்சிப் பொறுப்பை முழுமையாக ஏற்றார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

பிள்ளையை அனுப்பாவிட்டால் அபராதம்!

எழுத்துத் தெரியாதவனின் இருட்டு எப்படி இருக்கும் என்று சயாஜிராவுக்குத் தெரியும். அந்த இருட்டில் பன்னிரண்டு வருஷம் அவரே இருந்தவர். யாரோ படித்துக் காட்டினால்தான் கடிதத்தில் இருப்பது தெரியும். யாரோ சொன்னால்தான் கணக்கில் இருப்பது தெரியும். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைக்க வேண்டும்.

தம் குடிமக்களுக்கு அந்த நிலை கூடாது என்று மன்னர் நினைத்தார்.

1893இல் அம்ரேலி தாலுகாவில் ஒரு சோதனை தொடங்கினார். ஓர் ஊரும் அதைச் சுற்றியுள்ள ஒன்பது கிராமங்களும் அதில் சேர்ந்தன. அங்கே பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல, பெண் குழந்தைகளுக்கும்தான். சம்பளம் கிடையாது. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் உண்டு!

சோதனை பதின்மூன்று வருஷம் நடந்தது. 1906இல் அந்தத் திட்டத்தைச் சமஸ்தானம் முழுவதற்கும் சட்டமாக்கினார்.

இனிக் கவலை இல்லை என்று யாரும் நினைப்பார்கள். மன்னர் அப்படி நினைக்கவில்லை.

மறைந்துபோன எழுத்துகள்

நாலைந்து வருஷம் பள்ளிக்கூடம் போன பையன் வெளியே வருகிறான். ஏர் பிடிக்கிறான். மாடு மேய்க்கிறான். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லை. ஊரிலும் இல்லை. பத்திரிகை வருவதில்லை. படிப்பதற்கு எதுவும் இல்லாதபோது படித்த எழுத்து என்ன ஆகும்? துரு ஏறும். சில வருஷங்களில் அவன் மறுபடியும் கைநாட்டு ஆகிவிடுகிறான்.

சர்க்கார் செலவு செய்தது வீண். வாத்தியார் பட்ட பாடு வீண். அபராதத்துக்குப் பயந்து பிள்ளையை அனுப்பிய ஏழைத் தகப்பன் இழந்த கூலியும் வீண்.

கிணறு வெட்டிவிட்டு வாளியும் கயிறும் வைக்காமல் போனால் தாகம் தீருமா? பள்ளிக்கூடம் கிணறு என்றால், வாளியும் கயிறும் புத்தகம்தான். இதை மன்னர் கண்டுகொண்டார். பள்ளிக்கூடம் இருக்கும் கிராமங்களில் நூல்நிலையமும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கல்விச் சட்டம் வந்த உடனேயே அதற்கான வேலையும் தொடங்கியது.

அதற்கு ஒரு நல்ல துணையும் கிடைத்தது. மோதிபாய் அமீன் என்ற பள்ளி ஆசிரியர் அப்போது ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். ஊரில் நாலு நண்பர்களைச் சேர்ப்பார். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பத்திரிகையும் புத்தகமும் வாங்கச் சொல்வார். எல்லாரும் முறை வைத்துப் படிப்பார்கள். இதற்கு மித்திர மண்டலம் என்று பெயர். இப்படிப் பல ஊர்களில் நண்பர் குழுக்கள் தோன்றின. இந்த ஆசிரியரையே பின்னால் கிராம நூல்நிலைய வேலைக்கு மன்னர் எடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்

சயாஜிராவ் உலகம் சுற்றியவர். 1906இலும் 1910இலும் அமெரிக்கா போனார். அங்கே மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. பொது நூல்நிலையங்களைப் பார்த்தார். தச்சரும் தொழிலாளியும் காசு கொடுக்காமல் புத்தகம் எடுத்துப் போனார்கள். சிறுவர்களுக்குத் தனி இடம் இருந்தது. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்ல, அந்த வேலையில் பயிற்சி பெற்றவர்கள் இருந்தார்கள்.

நியூஹேவன் என்ற ஊரில் ஒரு நூல்நிலையத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் போர்டன். மன்னர் அவரைப் பரோடாவுக்கு அழைத்தார். 1910இல் போர்டன் வந்தார். 1913 வரை இருந்தார்.

அந்த மூன்று வருஷத்தில் மூன்று பெரிய காரியங்கள் நடந்தன.

முதலாவது, தலைநகரில் மத்திய நூல்நிலையம். மன்னர் தம் அரண்மனையில் சேர்த்து வைத்திருந்த சுமார் 20,000 புத்தகங்களை அப்படியே அதற்குக் கொடுத்துவிட்டார். மன்னர் மட்டும் புரட்டிய ஏடுகளை மளிகைக் கடைக்காரரும் புரட்டலாம் என்று ஆயிற்று.

இரண்டாவது, 1911இல் ஒரு பயிற்சிப் பள்ளி. புத்தகங்களை எப்படி வகைப்படுத்துவது, எப்படிப் பட்டியல் போடுவது, வருகிறவருக்கு வேண்டியதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். நூல்நிலைய வேலைக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் பயிற்சிப் பள்ளி அதுதான்.

மூன்றாவது, கிராமங்களுக்கு ஒரு தனிப் பிரிவு. ஜில்லா நூல்நிலையம், நகர நூல்நிலையம், கிராம நூல்நிலையம் என்று ஒரு சங்கிலி. எழுத்தை மறந்துபோகும் கிராமத்துப் பையனைப் பிடித்து நிறுத்தியது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

ஒரே கூரை

கிராமத்தில் நூல்நிலையம் எங்கே வைப்பது? தனிக் கட்டடம் கட்டப் பணம் வேண்டும். தனி ஆள் வைக்கச் சம்பளம் வேண்டும். சின்ன ஊருக்கு இரண்டும் முடியாது.

ஆனால் பள்ளிக்கூடம் முன்பே இருக்கிறது. வாத்தியாரும் இருக்கிறார். பல சிற்றூர்களில் பள்ளிக்கூடமே நூல்நிலையம் ஆயிற்று. வாத்தியாரே நூலகர் ஆனார்.

பகலில் அங்கே பிள்ளைகள் படிப்பார்கள். பள்ளி விட்ட பிறகு அதே இடம் பெரியவர்களுக்கு. வாத்தியார் அலமாரியைத் திறப்பார். புத்தகம் எடுக்கிறவர் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வார்.

இதில் ஒரு பெரிய லாபம் இருந்தது. எந்த வீட்டுப் பையன் படிப்பை நிறுத்தினான், எவன் நன்றாகப் படித்தும் வயலுக்குப் போய்விட்டான் என்று வாத்தியாருக்குத் தெரியும். அவனைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்க அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அவனுக்கும் அந்தப் படி ஏறக் கூச்சம் இல்லை. முன்பு ஏறிய படிதானே!

தகப்பனும் மகனும் ஒரே அலமாரியிலிருந்து புத்தகம் எடுக்கலாம். பையன் கதைப் புத்தகம் எடுப்பான். தகப்பன் பயிர்ச்செய்கைப் புத்தகம் எடுப்பான். தகப்பனுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் மகன் படித்துக் காட்டுவான்.

செலவுக்கும் மன்னர் ஒரு வழி செய்தார். ஊரார் ஒரு பங்கு திரட்ட வேண்டும். பஞ்சாயத்து ஒரு பங்கு கொடுக்கும். சர்க்கார் ஒரு பங்கு கொடுக்கும். கட்டடம் கட்டவும் இதே கணக்கு. எல்லாவற்றையும் சர்க்காரே கொடுத்திருக்கலாமே? மன்னர் அப்படிச் செய்யவில்லை. சும்மா வந்த பொருளைச் சொந்தப் பொருளாக யாரும் பார்ப்பதில்லை. தன் காசும் அதில் இருந்தால் அதைக் காப்பாற்ற மனிதனுக்கு அக்கறை வரும். ஊர் தன் பங்கைப் போட்டதால் அது ஊருடைய நூல்நிலையம் ஆயிற்று.

ரயிலில் வந்த மரப்பெட்டி

பள்ளிக்கூடத்து அலமாரி சிறியது. ஐம்பதோ நூறோ புத்தகங்கள் இருந்தால் ஆர்வம் உள்ளவன் ஒரு வருஷத்தில் படித்து முடித்துவிடுவான். பிறகு?

அதற்குத்தான் நடமாடும் நூல்நிலையம். பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்று. அதற்குள் பதினைந்து முதல் முப்பது புத்தகங்கள். ஊரில் பொறுப்பான ஒருவர் கேட்டு எழுதினால் போதும். பெட்டி ரயிலேறி வந்துவிடும். கூலியும் சர்க்கார் செலவுதான். படித்து முடித்தால் திருப்பி அனுப்பலாம். வேறு பெட்டி வரும். பெண்களுக்கென்றும் சிறுவர்களுக்கென்றும் தனிப் பெட்டிகள் இருந்தன.

படிக்கவே தெரியாதவர்களையும் மன்னர் மறக்கவில்லை. அவர்களுக்காகப் படம் காட்டும் பிரிவு ஒன்று இருந்தது. கண்ணாடிப் படங்களையும் சினிமாவையும் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். படம் பார்க்க வந்தவன் புத்தகத்தையும் ஒரு நாள் தொட்டுப் பார்ப்பான் என்பது நம்பிக்கை.

குறையும் இருந்தது

எல்லாம் தங்கமாக நடந்தது என்று சொல்ல முடியாது.

பகல் முழுதும் பாடம் சொன்ன வாத்தியார் மாலையிலும் உட்கார வேண்டும். அவர் சோர்ந்தால் நூல்நிலையமும் சோரும். புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அலமாரி பூட்டியே கிடக்கும். பள்ளியும் நூல்நிலையமும் ஒரே வீட்டில் இருந்தால் எந்த நாட்டிலும் வரும் தொல்லைகள் இவை.

அதைவிடப் பெரிய தொல்லை சாதி. நூல்நிலையம் எல்லாருக்கும் பொது என்பது மன்னரின் கொள்கை. ஆனால் ஒரே கூரையின் கீழ் எல்லாரும் உட்கார ஊர் சம்மதிக்க வேண்டுமே! தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காக 1880களிலேயே மன்னர் பள்ளிகள் திறந்தார். அங்கே பாடம் சொல்ல மேல்சாதி ஆசிரியர்கள் முன்வரவில்லை. முஸ்லிம் ஆசிரியர்களை வைத்து நடத்த வேண்டியிருந்தது.

1913இல் ஓர் இளைஞர் பரோடா மன்னர் கொடுத்த உதவிச் சம்பளத்தில் அமெரிக்கா சென்று படித்தார். அவர்தாம் டாக்டர் அம்பேத்கர். 1917இல் அவர் திரும்பி வந்து பரோடாவில் வேலை ஏற்றார். அந்த நகரத்தில் அவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மேதை மனம் நொந்து ஊரை விட்டுப் போனார்.

மன்னரின் ஆணை கதவைத் திறந்தது. மக்களின் மனத்தைத் திறக்க அது போதவில்லை.

ஆனாலும் திறந்த கதவு வீண்போகவில்லை. அதே அம்பேத்கர் பின்னால் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய குழுவின் தலைவர் ஆனார்.

கண்ணாடித் தளம்

மன்னரின் குடும்ப வாழ்வில் துயரம் நிறைய இருந்தது. தஞ்சாவூர் ராணி பெற்ற மூத்த மகன் 1908இல் இறந்தார். அவருக்குப் பின் பிறந்த மகன்களில் இருவரையும் மன்னர் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார்.

ஆனால் காரியம் நிற்கவில்லை. பின்னாட்களில் நியூட்டன் தத் என்பவர் நூல்நிலையங்களைக் கவனித்தார். 1931இல் மத்திய நூல்நிலையத்துக்குப் புதிய கட்டடம் எழும்பியது. புத்தகத்துக்கு எதிரி தீ. ஆகவே அடுக்குகளை இரும்பால் செய்தார்கள். மேல்தளத்தைக் கெட்டியான கண்ணாடியால் போட்டார்கள். மேலே விழும் வெளிச்சம் கண்ணாடி வழியாகக் கீழே இறங்கும்!

1939ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6ஆம் தேதி சயாஜிராவ் பம்பாயில் காலமானார். வயது 75. கிராமத்துக்கெல்லாம் புத்தகம் கொண்டுபோன மோதிபாய் அமீனும் அதே ஆண்டில்தான் மறைந்தார். அந்தச் சமயத்தில் பரோடா சமஸ்தானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்நிலையங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிராமங்களில்!

1949இல் பரோடா சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. இப்போது குஜராத்தில் இருக்கும் அந்த நகருக்கு வதோதரா என்று பெயர். மன்னர் 1908இல் தொடங்கி வைத்த பாங்க் ஆப் பரோடாவின் கிளைகளைத் தமிழ்நாட்டு ஊர்களிலும் பார்க்கலாம். பாங்கின் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. நூல்நிலையக் கதை பலருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டில்

பரோடாவில் மன்னர் செய்ததைத் தமிழ்நாட்டில் மக்கள் கேட்டுப் பெற்றார்கள். சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலேயே நூல்நிலையம் போயிற்று. அந்த உழைப்பின் பலனாக 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது.

பரோடாவில் ஊரார் போட்ட ஒரு பங்கு போன்றதுதான் இந்த வரி. வீட்டு வரி கட்டும் ஒவ்வொரு குடும்பமும் நூலகத்துக்குச் சொந்தக்காரக் குடும்பம்தான்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் அருகே வல்லம் வடகால் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரியும் வயலும் பார்த்த பூமி. இப்போது அங்கே மோட்டார் சைக்கிள்கள் செய்கிறார்கள். 2024இல் பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி அங்கே திறக்கப்பட்டது. பல ஜில்லாக்களிலிருந்தும் வந்த பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். படித்த படிப்பு கையை விட்டுப் போய்விடக் கூடாதே என்ற கவலை அவர்களில் பலருக்கும் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊர்களில் இரண்டு வகை வாசகர்கள் இருக்கிறார்கள். பகலில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஒரு வகை. வேலை முடிந்து வரும் பெரியவர்கள் இன்னொரு வகை. ஒருவர் வரும் நேரத்தில் மற்றவர் வருவதில்லை. ஆகவே ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே விளக்கு இருவருக்கும் போதும். வேண்டியது என்ன? பள்ளி மணி அடித்த பிறகும் திறந்திருக்கும் ஒரு கதவு. அதைத் திறக்க ஓர் ஆள். அந்த ஆளுக்கு நியாயமான சம்பளம். அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதில் அரிச்சுவடி படித்த ஒரு சிறுவன் நூறு வருஷத்துக்கு முன்பே இதைக் கண்டுகொண்டான். எழுத்தைக் கொடுப்பது பாதி வேலை. அது மறக்காமல் பார்த்துக்கொள்வது மறு பாதி. இரண்டையும் ஒரே வீட்டில் செய்யலாம் என்று அவன் மன்னனாகி நடத்திக் காட்டினான்.